மர விமானத்துக்கு வெள்ளிச் சிராய்ப்பு: பெயின்டிங் வேலையை வெளியே கொடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் இரட்டை எஞ்சின் விமானமான மாஸ்கிட்டோ எஃப்.பி. 6-இன் 1/48 அளவு (நிஜத்தில் 48-இல் ஒரு பங்கு) பிளாஸ்டிக் மாடல் ஒன்றைப் பெயின்ட் அடித்து வெதரிங் (பயன்பாட்டில் பழசான தோற்றம்) செய்து தருவதாக, ஆன்லைனில் கூலிக்கு ஆர்டர் எடுக்கும் ஒருவர் முழுப் பணத்தையும் முன்னதாகவே வாங்கிக்கொண்டார். வந்து சேர்ந்த மாடலில் பிரைமர் (பெயின்ட் பிடிக்க அடியில் பூசும் கோட்) இல்லை, டெக்கால் (நீரில் நனைத்து ஒட்டும் சின்னங்கள், எழுத்துகள்) எல்லாம் வெள்ளி பூத்திருந்தது, லேண்டிங் கியர் (சக்கரக் கால்) ஒன்று பெட்டியிலிருந்து எடுக்கும்போதே கையோடு வந்தது. கேட்டதற்கு "வெதரிங் என்பது கலைஞரின் ரசனை" என்று பதில். இந்தப் பதிலை ஒப்புக்கொள்ளவே கூடாது. மாடலில் இருந்த ஒவ்வொரு கோளாறுக்கும் காரணம் தெளிவாகத் தெரிகிறது. எதுவும் ரசனை சார்ந்ததல்ல.

முதலில் இறக்கையைப் பாருங்கள். ஸ்பாஞ்சில் வெள்ளிப் பெயின்ட் தொட்டு முன்விளிம்பு முழுக்க ஒற்றியிருக்கிறார். பெயின்ட் செதில் செதிலாகப் பெயர்ந்து உள்ளே அலுமினியம் பளிச்சிடுவது உலோகத் தகடு போர்த்திய விமானத்தில் நடப்பது. மாஸ்கிட்டோ மர விமானம். உடற்பகுதி இரண்டு பிர்ச் பிளைவுட் அடுக்குகளுக்கு நடுவில் பால்சா மரம் வைத்துச் செய்தது, இறக்கைத் தோலும் பிளைவுட். அதன்மேல் மெல்லிய பருத்தித் துணி ஒட்டி டோப் (துணியை இறுக்கும் ஒருவகை வார்னிஷ்) பூசுவார்கள். அங்கே அடியில் அலுமினியத் தகடே கிடையாது, பிறகு எது தெரியும்? உலோகச் சிராய்ப்பு வேண்டுமென்றால் எஞ்சினை மூடும் அலுமினிய உறையான கவுலிங்கில் வைக்கலாம், புரொப்பெல்லர் நடுவிலுள்ள கூம்பான ஸ்பின்னரில் வைக்கலாம். மெக்கானிக் தினமும் கழற்றி மாட்டும் கவுலிங் விளிம்பிலும் ஃபாஸ்னர்களைச் சுற்றியும் பென்சில் முனை அளவுக்கு நான்கைந்து புள்ளி போதும். மரப் பரப்பில் வர வேண்டியவை வேறு: வெயிலில் வெளுத்த நிறம், பெட்ரோல் மூடியைச் சுற்றிய கறை, ஆள் ஏறி நின்ற இடத்தில் சேற்றுத் தடம்.

அதோடு கவுலிங்கிலிருந்து பின்னோக்கித் துருக்கறை வேறு இழுத்திருக்கிறார். அலுமினியம் துருப்பிடிக்காது. டாங்கி மாடலுக்கான கைப்பக்குவத்தை அப்படியே தூக்கி விமானத்தில் போட்டிருக்கிறார் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம். உடற்பகுதியில் கறுப்பு பிரீ-ஷேடிங் (நிறம் அடிக்கும் முன் பேனல் கோடுகளில் அடிக்கும் கறுப்பு) கோடு கோடாகத் தெரிந்ததும் இதே கதைதான். தகடு தகடாக இணைக்காத உடம்பில் அத்தனை பேனல் கோடு எங்கிருந்து வரும்?

அடுத்து இன்வேஷன் பட்டைகள். 1944 ஜூன் 6 நார்மண்டி தரையிறக்கத்துக்காக நேச நாட்டு விமானங்களில் அடித்த கறுப்பு வெள்ளைப் பட்டை: மூன்று வெள்ளை, நடுவே இரண்டு கறுப்பு. ஒற்றை எஞ்சின் விமானத்துக்கு ஒரு பட்டை 18 அங்குலம், இரட்டை எஞ்சினுக்கு 24 அங்குலம். 24 அங்குலம் 1/48 அளவில் 12.7 மி.மீ., ஐந்து பட்டையும் சேர்த்து 63.5 மி.மீ. இந்த மாடலில் ஸ்கேல் வைத்து அளந்தால் ஒவ்வொன்றும் ஒன்பதரை மி.மீ., அதாவது 18 அங்குலக் கணக்கு. ஒற்றை எஞ்சின் ஸ்பிட்ஃபயருக்கு வெட்டி வைத்த மாஸ்க் (பெயின்ட் படாமல் மறைக்கும் ஒட்டுத்தாள்) மாஸ்கிட்டோவில் ஏறியிருக்கிறது என்றே தோன்றுகிறது. நிஜத்தில் தரைப் பணியாளர்கள் அவசரமாகப் பிரஷ்ஷால் அடித்தார்கள், ஆகவே ஓரம் கோணலாக இருப்பதை யாரும் குறை சொல்லப் போவதில்லை. அகலம் தப்பினால் அது வேறு விமானத்தின் பட்டை.

இனி, கண்ணுக்கு உடனே தெரியாத கோளாறுகள். இவைதான் பணத்தை விழுங்குபவை.

பிரைமர் போட்டாரா என்று அறிய, இறக்கையின் அடிப்பக்கத்தில் ஓர் ஓரமாக மாஸ்கிங் டேப்பை ஒட்டி, விரலால் அழுத்தி, மெதுவாக மடக்கி இழுத்துப் பாருங்கள். இந்த மாடலில் டேப்போடு பெயின்ட் தோலாக உரிந்து வந்தது, அடியில் வெறும் சாம்பல் நிற பிளாஸ்டிக் வழவழவென்று இருந்தது. அச்சிலிருந்து வரும் எண்ணெய்ப்பசையை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவைத்து, மெல்லிய பிரைமர் ஒரு கோட் கொடுத்திருந்தால் இப்படி ஆகாது. பெயின்ட் பரப்பு உப்புக்காகிதம் போல் சொரசொரவென்று இருந்ததற்குக் காரணம் ஏர்பிரஷ்ஷை (காற்றழுத்தத்தில் பெயின்ட் தெளிக்கும் கருவி) தூரத்தில் பிடித்ததும் தின்னர் குறைவாகக் கலந்ததும்: துளி மாடலைத் தொடும் முன்பே காய்ந்துவிடுகிறது. டாமியா அக்ரிலிக்காக இருந்தால் பெயின்டுக்குச் சம அளவோ, சற்றுக் கூடுதலாகவோ எக்ஸ்-20ஏ தின்னர், 15 முதல் 20 பி.எஸ்.ஐ. அழுத்தம், ஐந்தாறு சென்டிமீட்டர் தூரம், இரண்டு மூன்று மெல்லிய கோட்டுகள் என்று போனால் பரப்பு வழவழப்பாக வரும்.

அந்தச் சொரசொரப்பின் மேல் கிளாஸ் கோட் (பளபளப்பான வார்னிஷ்) கொடுக்காமலே டெக்கால் ஒட்டியிருக்கிறார். டெக்கால் படலத்துக்கும் பெயின்டின் மேடுபள்ளங்களுக்கும் நடுவே காற்று சிக்கிக்கொள்கிறது, சாய்த்துப் பார்த்தால் எழுத்துகளைச் சுற்றிப் பாதரசம் போல் மினுங்குகிறது. மேலே மேட் வார்னிஷ் அடித்தாலும் அது மறையாது. அனுப்பிய படங்களில் ஏன் தெரியவில்லை என்றால், எல்லாமே நேர் மேலிருந்து எடுத்தவை. சாய்வாக, ஒரே பக்க வெளிச்சத்தில் எடுத்த படம் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

படங்களைப் பற்றி இன்னொன்று. வேலை நடக்கும்போது அனுப்பியதாகச் சொன்ன மூன்றாவது படத்தில் எக்ஸாஸ்ட் குழாய்கள் தனித்தனியாக வெளியே தெரிகின்றன. வந்த மாடலிலோ அவற்றை மூடிய, தீப்பிழம்பை மறைக்கும் ஃபிளேம் டேம்பர் கவசம். அது வேறு மாடலின் படம். தேதியும் உங்கள் பெயரும் எழுதிய துண்டுச் சீட்டை மாடலுக்குப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு படம் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்: பிரைமர் முடிந்ததும், நிறம் முடிந்ததும், டெக்கால் ஒட்டியதும், வாஷ் (பேனல் கோடுகளில் ஓடவிடும் நீர்த்த பெயின்ட்) துடைத்ததும். பணத்தையும் அந்தக் கட்டங்களோடு பிரித்துக் கொடுங்கள், கடைசிப் பங்கு மாடல் கைக்கு வந்து பார்த்த பிறகுதான். எந்த பிராண்ட், எந்த வகைப் பெயின்ட், எந்த வார்னிஷ் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளாவிட்டால் பின்னாளில் ரிப்பேர் செய்பவருக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதை.

லேண்டிங் கியர் முறிந்தது கூரியர்காரரின் தவறு என்றார் அவர். முறிந்த முகத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பிளாஸ்டிக் வளைந்து முறிந்தால் முறிவைச் சுற்றி வெளிறிப்போய் இழுபட்டிருக்கும். இங்கே கண்ணாடி உடைந்த மாதிரி சுத்தமான முகம், வெளிறலே இல்லை, விரிசலுக்குள் பழுப்பு நிற வாஷ் ஊறியிருக்கிறது. பெயின்ட் மூடாத பிளாஸ்டிக்கில், அதுவும் எடையைத் தாங்கி இறுக்கத்தில் இருக்கும் இணைப்பில், எனாமல் வாஷை ஊற்றி அப்படியே தேங்கவிட்டால் அதிலுள்ள தின்னர் உள்ளே இறங்கி பிளாஸ்டிக்கை மொறுமொறுப்பாக்கிவிடும். வாஷ் போடும் முன் கிளாஸ் கோட் நன்றாகக் காய வேண்டும், ஒரு நாளாவது விடுவது நல்லது. பிரஷ் நுனியில் தொட்டுப் பேனல் கோட்டுக்குள் மட்டும் ஓடவிட்டு, மிஞ்சியதை உடனே ஒற்றி எடுக்க வேண்டும். சக்கரக் குழிக்குள் குளம் கட்டவிடக் கூடாது.

இப்படிப்பட்ட மாடல் கையில் இருந்தால் எல்லாம் போய்விட்டது என்று எறிந்துவிடாதீர்கள். பெயின்ட் அக்ரிலிக்தான் என்று உறுதியானால், கண்ணாடிக் கூண்டைக் கழற்றித் தனியே வைத்துவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் பகுதி பகுதியாகத் துடைத்து எடுக்கலாம், பேனல் கோட்டுக்குப் பழைய பல் பிரஷ். பிரைமர் இல்லாதது இங்கே மட்டும் நமக்குச் சாதகம், சீக்கிரம் வந்துவிடும். டெக்காலை மட்டும் காப்பாற்றப் பார்ப்பவர்கள், மினுங்கும் இடத்தில் ஊசியால் நுணுக்கமாகக் குத்தி மைக்ரோ சோல் (டெக்காலை மென்மையாக்கும் திரவம்) ஒரு சொட்டு விட்டு உட்காரவிடுங்கள், இரண்டு மூன்று முறை தேவைப்படும். முறிந்த காலை பிளாஸ்டிக் சிமென்ட்டால் ஒட்டாதீர்கள், தின்னர் ஏறிய இடம் இன்னும் பலவீனமாகும். இரு முனையிலும் அரை மி.மீ. துளை போட்டு, பித்தளைக் கம்பி செருகி, சூப்பர் குளூ வைத்து, குளூ முழுக்க இறுகிய பிறகு மட்டுமே கூண்டை மாட்டுங்கள். குளூவின் ஆவி கண்ணாடியில் வெண்படலமாகப் படிந்துவிடும்.