பிளஸ் ஒன் ‘இன்டகிரேட்டட்’ வகுப்பு: நீலகிரியில் யாருக்குப் பொருந்தும்?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரத்தில் ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பிளஸ் ஒன் அட்மிஷனுக்குப் போகிற பெற்றோரிடம் தனியார் பள்ளிகள் பலவும் கேட்பது, “ரெகுலரா, இன்டகிரேட்டடா?” என்றுதான். இன்டகிரேட்டட் என்றால் பள்ளிக்குள்ளேயே ஜேஇஇ (பொறியியல்) அல்லது நீட் (மருத்துவம்) நுழைவுத் தேர்வுப் பயிற்சி. வெளிக் கோச்சிங் நிறுவனத்தின் ஆசிரியர்கள் வந்து பாடம் நடத்துவார்கள். தனி மெட்டீரியல், வாரத் தேர்வு, நீண்ட பள்ளி நேரம் உண்டு, கட்டணமும் தனி. இந்த மதிப்பீடு எந்த ஒரு நிறுவனத்தையும் பற்றியதல்ல, மலை ஊர்களில் விற்கப்படும் இந்த வகுப்பு முறையைப் பற்றியது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கணக்கில் அடித்தளம் உறுதியாக இருந்து, வீடு பள்ளிக்கு அரை மணி தூரத்துக்குள் இருந்து, சேர நினைக்கும் படிப்புக்கு ஜேஇஇ அல்லது நீட் கட்டாயமாகவும் இருந்தால் இது பணத்துக்குத் தகுந்த வகுப்பு. மூன்றில் ஒன்று குறைந்தாலும் ரெகுலர் செக்ஷனோடு வார இறுதி வகுப்பு சேர்த்துக்கொள்வதே மேல்.

படிப்பைப் பற்றிய கேள்வியை நிறையப் பேர் கேட்பதே இல்லை. அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கும் மாநிலத்தின் மற்ற பொறியியல் கல்லூரிகளுக்கும் நடக்கும் தமிழ்நாடு கலந்தாய்வுக்கு ஜேஇஇ வேண்டியதில்லை. கட்-ஆஃப் 200: கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, எல்லாமே பிளஸ் டூ மதிப்பெண்ணிலிருந்து. மாநில ஒதுக்கீட்டில் வேளாண்மை, கால்நடை மருத்துவம், நர்சிங் படிப்புகளுக்கும் பிளஸ் டூ மதிப்பெண்தான். ஜேஇஇ வேண்டியது ஐஐடி, என்ஐடி போன்ற மத்திய நிறுவனங்களுக்கு. திருச்சி என்ஐடியில் பாதி இடம் தமிழ்நாட்டுக்கு என்பதால் அந்த ஆசைக்கு நியாயம் இருக்கிறது. நீட் வேண்டியது எம்பிபிஎஸ், பல் மருத்துவம், சித்தா, ஆயுர்வேதம், ஹோமியோபதிக்கு. 2022-ல் திறந்த ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரியில் 150 இடம் இருப்பதைச் சொல்லி இங்கே சேர்க்கை பிடிப்பதுண்டு. அந்த இடங்களுக்குப் போட்டி மாநிலம் முழுவதிலிருந்தும் வருகிறது. நீலகிரிப் பிள்ளை என்பதற்குத் தனிச் சலுகை எதுவும் இல்லை.

அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளை என்றால் கணக்கே வேறு. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் ஆகியவற்றுக்கு 2021-ல் வந்தது. ஆதிதிராவிடர் நல, பழங்குடியினர் நலப் பள்ளிகளும் இதில் அடக்கம். இந்த ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்பவர்களின் கல்வி, விடுதிக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் வருவதும் அரசுப் பள்ளிப் படிப்பையோ அரசு உதவிபெறும் பள்ளியின் தமிழ்வழிப் படிப்பையோ வைத்துத்தான். பிளஸ் ஒன்னில் தனியார் பள்ளியின் இன்டகிரேட்டட் செக்ஷனுக்கு மாற்றினால் ஒதுக்கீடும் உதவித்தொகையும் போய்விடும். ஐந்து வருடம் அரசுப் பள்ளியில் படித்த பிள்ளையைக் கடைசி இரண்டு வருடத்துக்கு இடம் மாற்றுவது எந்தக் கோச்சிங்காலும் ஈடுகட்ட முடியாத இழப்பு. அந்தப் பிள்ளை அங்கேயே படிக்கட்டும். பயிற்சிக்கு வெளியே வழி தேடலாம்.

நல்லதையும் சொல்ல வேண்டும். நல்ல இன்டகிரேட்டட் செக்ஷன் ஒரு பாடத்தை மூன்று முறை தொடவைக்கிறது: வகுப்பில் ஒரு முறை, வாரத் தேர்வில் ஒரு முறை, மொத்தப் பாடத் தேர்வில் ஒரு முறை. ரெகுலர் செக்ஷனில் இப்படி நடப்பது அரிது. நேரத்தைக் கையாளும் பழக்கமும் இங்கேதான் வருகிறது. நீட்டில் 180 நிமிடத்தில் 180 கேள்வி. சரிக்கு 4, தவறுக்கு 1 குறையும், மொத்தம் 720. ஜேஇஇ மெயினில் 3 மணி நேரத்தில் 75 கேள்வி, 300 மதிப்பெண். எதை விட்டுவிட வேண்டும் என்ற முடிவை அரை நிமிடத்துக்குள் எடுக்கக் கற்றுத் தருவது தொடர்ச்சியான தேர்வு மட்டுமே. பிளஸ் ஒன் பாடத்தை ஒழுங்காக நடத்துவதும் இதன் பலம். 2025-26 முதல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு இல்லை என்றானபின், சில ரெகுலர் செக்ஷன்களில் அந்த வருடத்துப் பாடம் மேலோட்டமாகப் போகும் அபாயம் இருக்கிறது. நுழைவுத் தேர்வுகளிலோ ஏறக்குறையப் பாதிக் கேள்வி பிளஸ் ஒன் பாடத்திலிருந்துதான்.

பிள்ளைகள் தடுமாறுவது பெரும்பாலும் முதல் இரண்டு மாதத்தில், அதுவும் இயற்பியலில். காரணம் பாடப் புத்தகத்தின் வரிசை. மாநிலப் பாடத்திட்ட பிளஸ் ஒன் இயற்பியலில் இரண்டாவது அலகே இயக்கவியல். வெக்டர், வகையீடு, தொகையீடு மூன்றும் அங்கே வந்துவிடும். கணக்குப் புத்தகத்தில் இவை இரண்டாம் தொகுதியில்தான் வருகின்றன: வெக்டர் 8-வது அத்தியாயம், வகையீடு 9, 10, தொகையீடு 11. ரெகுலர் செக்ஷனில் ஆசிரியர் இந்த இடைவெளியை மெதுவாகச் சமாளிப்பார். இன்டகிரேட்டடில் ஜூன், ஜூலையிலேயே அந்தப் பாடத்துக்கு வாரத் தேர்வு வந்துவிடும். கணக்கு தெரியாமல் இயற்பியலில் 20, 30 என்று மார்க் வாங்கும் பிள்ளை, தனக்கு இயற்பியலே வராது என்று முடிவு கட்டிவிடுகிறது. உண்மையில் அதற்கு இல்லாமல் போனது ஒரு மாதத்தில் படித்துவிடக்கூடிய கணக்குதான்.

ஆகவே சேர்ப்பதற்கு முன், மே மாதத்திலேயே, கால்குலேட்டர் இல்லாமல் நான்கு கணக்கு கொடுத்துப் பாருங்கள். நீட்டிலும் ஜேஇஇ மெயினிலும் கால்குலேட்டர் கிடையாது. ஒன்று, v² = u² + 2as என்பதிலிருந்து s-ஐத் தனியே எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு, 3×10⁸ஐ 6×10⁻⁷ஆல் வகுக்கச் சொல்லுங்கள், விடை 5×10¹⁴. மூன்று, (1, 2), (4, 11) புள்ளிகள் வழியே போகும் கோட்டின் சாய்வு, விடை 3. நான்கு, 10 மீட்டர் ஏணி தரையோடு 60 பாகையில் சாய்ந்திருந்தால் சுவரில் எந்த உயரத்தைத் தொடும். விடை 5√3 மீட்டர். எல்லாம் பத்தாம் வகுப்புக்குள் அடங்கும். நான்கும் பத்து நிமிடத்தில் சரியாக வந்தால் தயக்கமின்றிச் சேர்க்கலாம். இரண்டாவதில் அடுக்குக்குறி தடுமாறினால் ஒரு வாரப் பயிற்சியில் சரியாகும். முதல் கணக்கே வரவில்லை என்றால் இந்த வருடம் இன்டகிரேட்டட் வேண்டாம். பத்தாம் வகுப்புக் கணக்கில் 90க்கு மேல் எடுத்த பிள்ளைகளிலும் இப்படித் தடுமாறுபவர்கள் உண்டு, ஏனென்றால் அந்த மார்க்கைப் புத்தகக் கணக்கை மனப்பாடம் செய்தே எடுத்துவிட முடிகிறது.

மே மாதத்தில் தினம் ஒரு மணி வீதம் இருபது மணி நேரம் ஒதுக்கினால், இயற்பியலுக்கு வேண்டிய கணக்கு பிந்தி வரும் அந்த இடைவெளியை நிரப்பிவிடலாம். xⁿ, sin x, cos x ஆகியவற்றின் வகைக்கெழு, xⁿ-ன் தொகையீடு, வெக்டரை இரண்டு கூறுகளாகப் பிரிப்பது, மடக்கையின் அடிப்படை: இவ்வளவு போதும். பிளஸ் ஒன் கணக்குப் புத்தகமே இதற்குப் போதும்: மடக்கை முதல் தொகுதியில், மற்றவை இரண்டாம் தொகுதியில். தனியாக எதுவும் வாங்க வேண்டாம்.

அடுத்த குறை பொதுத்தேர்வில் தெரியும். பிளஸ் டூ கணக்குத் தாளில் 90 மதிப்பெண்ணுக்கு ஒரு மதிப்பெண் வினா 20தான். மீதி 70 படிப்படியாக எழுதும் விடைகளுக்கு. இயற்பியலில் 70-ல் 15 ஒரு மதிப்பெண் வினா, 55 எழுத்து. இரண்டு வருடம் வட்டத்தை நிரப்பியே பழகிய பிள்ளை விடையைக் கண்டுபிடித்துவிடும், படிகளை எழுதாது. கணக்கில் 5 மதிப்பெண் போனால் பொறியியல் கட்-ஆஃபில் 5 அப்படியே போகிறது. இயற்பியலில் 5 போனால் இரண்டரை. நல்ல கல்லூரியின் நல்ல பிரிவு கைவிட்டுப் போக அது போதும். அதனால் செக்ஷனின் வாரத் தேர்வு அட்டவணையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மாதத்தில் ஒன்றாவது பொதுத்தேர்வு மாதிரி எழுத்துத் தேர்வாக இல்லாவிட்டால் அது குறையுள்ள வகுப்பு. நீட் செக்ஷனில் உயிரியலுக்கு என்சிஇஆர்டி (மத்தியப் பாடத்திட்ட) புத்தகத்தை வரி வரியாக நடத்துகிறார்களா என்பதையும் கேளுங்கள். நீட்டில் பாதிக் கேள்வி உயிரியல். மாநிலப் புத்தகத்தின் வரிசையும் விளக்கமும் பல இடங்களில் அதிலிருந்து மாறுபடுகின்றன. தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு ஒரு தகவல்: நீட், ஜேஇஇ மெயின் இரண்டையும் தமிழில் எழுதலாம். ஐஐடிக்கான அடுத்த கட்டத் தேர்வான ஜேஇஇ அட்வான்ஸ்டு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும். மெட்டீரியல் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வரும், அதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

இனி மலையின் கணக்கு. வகுப்புத் திட்டம் கோவையிலோ நாமக்கல்லிலோ சென்னையிலோ போடப்படுகிறது, மழை இங்கே பெய்கிறது. கூடலூர், பந்தலூரில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழைக்கு அடிக்கடி விடுமுறை விடுவார்கள். குன்னூர், கோத்தகிரியில் அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு மழை. மண் சரிந்தால் மேட்டுப்பாளையம் சாலையே நின்றுவிடும். அந்த நாட்களின் பாடம் ஆன்லைனில் வரும் என்பார்கள். எஸ்டேட் லைனில் (தொழிலாளர் குடியிருப்பில்) மின்சாரமும் சிக்னலும் சேர்ந்து போகிற நாளில் அது வராது, ஆனால் சனிக்கிழமைத் தேர்வு மட்டும் தவறாமல் நடக்கும். விடுபட்ட பாடத்துக்குத் தேர்வைத் தள்ளி வைப்பார்களா என்று முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும். பாடம் எடுப்பவர் மலையிலேயே தங்கியிருக்கிறாரா, கீழிருந்து வந்து போகிறவரா என்பதும் இதில் சேர்த்தி. வந்து போகிறவர் என்றால் சாலை மூடும் நாளில் வகுப்பும் இல்லை. வருட நடுவில் ஆசிரியர் மாறுவதும் அப்படிப்பட்ட செக்ஷன்களில்தான் அதிகம்.

நேரத்தை எழுதிப் பாருங்கள். வகுப்பு காலை 8 முதல் மாலை 5.30 என்று வைத்துக்கொள்வோம். ஹட்டியிலிருந்தோ (படுகர் ஊர்) எஸ்டேட்டிலிருந்தோ பஸ்ஸுக்கு நடை, காத்திருப்பு, பயணம் எல்லாம் சேர்ந்து ஒரு வழிக்கு ஒன்றே கால் மணி என்றால், 6.45க்குக் கிளம்பி இருட்டிய பிறகு வீடு வரும் பிள்ளைக்குச் சுயமாகப் படிக்க இரண்டு மணிக்கு மேல் மிஞ்சாது. தினம் ஆறு மணி நேரம் பாடம் கேட்டு இரண்டு மணி நேரம் மட்டும் தானாகக் கணக்குப் போட்டால் பாடம் நிற்காது. டிசம்பர், ஜனவரி உறைபனியில் நாலு மணிக்கு எழுப்பிப் படிக்க வைப்பது இதற்குத் தீர்வாகாது. அதுவும் ஜேஇஇ மெயினின் முதல் அமர்வு ஜனவரியில் வருகிறது. பாதுகாப்பையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். கூடலூர், பந்தலூரில் யானை, கோத்தகிரிப் பக்கம் கரடி, குன்னூர்த் தேயிலைக் காடுகளில் காட்டெருமை: அந்திக்குப் பிறகு பிள்ளை தனியாக நடக்கும் பாதை இருந்தால், பள்ளி வண்டி வீட்டு வாசல் வரை வராத வகுப்பில் சேர்க்கவே கூடாது. இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை.

ரெகுலர் செக்ஷனோடு வார இறுதி வகுப்பு என்பது, சனி மூன்று மணி, ஞாயிறு மூன்று மணி, அதில் கணக்கும் இயற்பியலும் மட்டும். வேதியியலையும் உயிரியலையும் புத்தகத்தைக் கொண்டே ஓட்டலாம். இலவசமாகக் கிடைப்பவற்றில் ஐஐடி கான்பூர் நடத்தும் ‘சாத்தி’ தளம் நன்றாக இருக்கிறது: வீடியோ பாடம், பயிற்சி வினா, மாதிரித் தேர்வு எல்லாம் உண்டு. வீட்டில் சிக்னல் இல்லையென்றால் ஊட்டியிலோ குன்னூரிலோ நூலகத்தில் உட்கார்ந்து வாரத்துக்கு ஒரு மாதிரித் தேர்வு எழுதினாலும் போதும். தவறிய கேள்விகளை ஒரு தனி நோட்டில் காரணத்தோடு எழுதி வைப்பது, இந்த வழியில் போகிறவர்கள் விட்டுவிடக் கூடாத வேலை.

சேர்ப்பது என்று முடிவானால் பணத்தை ஒரே தவணையில் கட்டாதீர்கள். பள்ளிக் கட்டணத்துக்கும் பயிற்சிக் கட்டணத்துக்கும் தனித்தனி ரசீது கேளுங்கள். யார் பெயரில் ரசீது இருக்கிறதோ அவரிடம்தான் பிறகு பணம் திரும்பக் கேட்க முடியும். பயிற்சி மையங்களுக்காக மத்திய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறை, முழுத் தொகை கட்டியவர் நடுவில் நின்றால் மீதிக் காலத்துக்கான தொகையை 10 நாளுக்குள் திருப்பித் தரச் சொல்கிறது. 16 வயதுக்குக் கீழ் சேர்க்கக் கூடாது அல்லது பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பிறகே சேர்க்க வேண்டும், ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கூடாது, ரேங்க் உறுதி என்று விளம்பரம் செய்யக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. “எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் சீட்” என்று சொல்லும் இடத்தில் போன வருடம் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் கடைசி வரை இருந்தார்கள் என்ற இரண்டு எண்களையும் கேளுங்கள். பிளஸ் டூ முடித்து மறுபடி தேர்வு எழுதும் ரிப்பீட்டர் பேட்ச் ரிசல்ட்டை அதிலிருந்து பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

ரெகுலர் செக்ஷனுக்குத் திரும்பும் வழியை அட்மிஷன் அன்றே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். காலாண்டுத் தேர்வு வரை மாறுவது சுலபம். பாடமும் அதிகம் பிந்தாது. அதற்குள் கணக்கிலும் இயற்பியலிலும் வாரத் தேர்வு மார்க் ஏறுமுகமாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். 30-ல் தொடங்கி 45க்கு வந்திருக்கும் பிள்ளை தொடரலாம். 60-ல் தொடங்கி 40க்கு இறங்கியிருந்தால் அரையாண்டு வரை காத்திருக்காமல், செப்டம்பர் விடுமுறையிலேயே மாற்றிவிடுங்கள்.