ஸ்க்ரோல் சா சர்வீஸுக்கு குடுக்கப் போறவங்க இத ஒருக்கா வாசிச்சிட்டு குடுங்க

சர்வீஸுக்குன்னு குடுத்த 4,650 ரூவா போனதக் கூட நான் பொறுத்துக்கிடுவேன். அந்த சர்வீஸால கிறிஸ்மஸுக்கு குடுக்க வேண்டிய 11 நேம் போர்டும் ரெண்டு குடில் செட்டும் சீலர் (பாலிஷுக்கு முன்னால மரத்துக்கு அடிக்கிற மொத கோட்டு) அடிச்ச அன்னைக்கே நாசமாப் போச்சு, அதத்தான் தாங்க முடியல. ஸ்க்ரோல் சான்னா மெலிசான பிளேடு மேலயும் கீழயும் ஓடி பலகைல எழுத்து, பூ எல்லாம் வெட்டுற மெஷின். நம்ம மாவட்டத்துல இந்த மெஷின் வச்சிருக்கவங்க கொஞ்ச பேருதான் இருப்போம், இன்னொருத்தருக்கு இது நடக்கக் கூடாதுன்னு எழுதுறேன். கடை பேரு போடல, கம்ப்ளைண்ட் குடுத்திருக்கேன், அது முடியட்டும்.

என்கிட்ட இருக்கது 16 இன்ச் மெஷின், ஸ்பீடு கூட்டிக் குறைக்கிற மாடல், கார்பன் பிரஷ் (மோட்டாருக்கு உள்ள சுத்துற பாகத்துக்கு கரண்ட் குடுக்கிற கரித் துண்டு) வச்ச மோட்டார். மூணு வருஷமா அயினி, பலா, மகோகனி பலகைல பேரு வெட்டிக் குடுக்கேன். அக்டோபர் கடைசில ரெண்டு பிரச்சன வந்துச்சு. ஓடிட்டு இருக்கும்போதே ஸ்பீடு குறைஞ்சு நின்னுரும், தட்டுனா மறுபடி ஓடும். அப்புறம் பிளேட புடிச்சிருக்க மெஷின் கைக்கு உள்ள டக்டக்னு ஒரு சத்தம். கிறிஸ்மஸ் ஆர்டர் கையில இருக்கு, நாமளே கழட்டி எதையாவது கெடுத்துரக் கூடாதுன்னு பயந்து தக்கலையில இருந்து ஆட்டோ புடிச்சு நாகர்கோவில்ல ஒரு டூல்ஸ் சர்வீஸ் கடைக்கு கொண்டு போனேன்.

கடைக்காரர் போட்டுப் பாத்துட்டு, "தம்பி ஆர்மேச்சர் போயிருக்கு, ரீவைண்டிங் பண்ணணும், ரெண்டு பேரிங்கும் மாத்தணும், எல்லாம் சேத்து 4,650 ஆவும்"ன்னாரு. ஆர்மேச்சர்னா மோட்டாருக்கு உள்ள சுத்துற காயில், ரீவைண்டிங்னா அதுல புதுசா கம்பி சுத்துறது. செரி பண்ணுங்கண்ணேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். நாலு நாள் கழிச்சு போனா மெஷின் பளபளன்னு புதுசு மாதிரி இருக்கு, டேபிள் கண்ணாடி மாதிரி மின்னுது. "நல்லா ஸ்ப்ரே போட்டு கிளீன் பண்ணி வச்சிருக்கோம், ஊதுற பைப்பு வரைக்கும் உள்ள அடிச்சிருக்கோம்"ன்னாரு, வெட்டும்போது தூசிய ஊதித் தள்ளுற பைப்பு அது. நானும் சந்தோசப்பட்டேன். பழைய பேரிங்க கேட்டேன், ஸ்கிராப்ல போட்டாச்சுன்னாரு. பில்லு கேட்டேன், கடை பேரே இல்லாத ஒரு வெள்ளத்தாள்ல எழுதித் தந்தாரு. அங்கேயே நான் நின்னு கேட்டிருக்கணும், கேக்கல.

ஒரு வாரம் நல்லா ஓடுச்சு. அந்த ஒரு வாரத்துல ராத்திரி பகலா எல்லா போர்டையும் வெட்டி முடிச்சேன். அதுல ஒண்ண பத்தி சொல்லியே ஆகணும். ஒரு அக்கா, பத்மநாபபுரம் அரண்மனைல பூமுகத்துக்கு (வாசல் மண்டபம்) மேல மச்சில செதுக்கிருக்க பூக்கள் இருக்குல்லா, 90 பூ, ஒண்ணு போல இன்னொண்ணு கிடையாதுன்னு சொல்லுவாங்க, அதுல ஒரு பூவ பேருக்கு ரெண்டு பக்கமும் வச்சுத் தாங்கன்னு கேட்டாங்க. 12 எம்எம் பலா பலகை, 46 ஓட்டை போட்டு ஒவ்வொரு ஓட்டைலயும் பிளேட கழட்டி உள்ள நுழைச்சு திரும்ப மாட்டி வெட்டணும், ரெண்டு நாள் முழுசா அதுலயே போச்சு. அஞ்சாம் நம்பர் ரிவர்ஸ் டூத் பிளேடு (அடியில கொஞ்சம் பல்லு மட்டும் மேல பாத்து இருக்கும்) போட்டு வெட்டுனதுனால அடிப்பக்கம் சிம்பு கூட எடுக்கல, அவ்ளோ சுத்தமா வந்துச்சு.

120, 180, 220ன்னு பேப்பர் போட்டு தேச்சு, தூசி தட்டி, வரிசையா வச்சு ஸ்ப்ரே கன்னுல சீலர் அடிச்சேன். அடிச்சு ரெண்டு நிமிசத்துல பாக்கேன், மேல எல்லாம் குழி குழியா வருது. மீனு கண்ணு மாதிரி வட்ட வட்டமா, நடுவுல சீலர் விலகி மரம் தெரியுது. ஒரு போர்டு இல்ல, எல்லா போர்டுலயும். எனக்கு கையும் ஓடல காலும் ஓடல.

மொதல்ல மழைய சொன்னேன். வடகிழக்கு மழை பெஞ்சிட்டு இருந்த நேரம், காத்துல அவ்ளோ ஈரம், அதான் இப்பிடின்னு நெனச்சேன். பக்கத்து வீட்டு ஆசாரி மாமாவ கூப்பிட்டு காட்டுனேன். அவரு நாப்பது வருஷமா கதவு ஜன்னல் வேலை செய்யிறவரு. கையில எடுத்து வெளிச்சத்துல சாச்சுப் பாத்துட்டு, "மக்ளே, ஈரத்துக்கு வெள்ள பூக்கும், பால் ஊத்துன மாதிரி மங்கும், இப்பிடி குழி விழாது, இது எண்ணெய் பட்ட மரம், நீ என்னத்த தடவுன"ன்னு கேட்டாரு. நான் ஒண்ணும் தடவலையே மாமான்னேன். அவரு போர்ட திருப்பிப் பாத்தாரு. பின்பக்கம் முழுசா குழி. முன்பக்கம் வெட்டுன ஓரத்துல மட்டும்தான் நெறைய, தள்ளிப் போகப் போக குறையுது. டேபிள்ல படுறது பின்பக்கம். பைப்புல இருந்து காத்து ஊதுறது வெட்டுற கோட்டு மேல. அப்பதான் அந்த கடைக்காரர் பைப்புக்கு உள்ளேயும் ஸ்ப்ரே அடிச்சோம்னு சொன்னது ஞாபகம் வந்துச்சு.

அப்பவும் மாமா நம்பல, செஞ்சு பாப்போம்னாரு. அதே பலகைல ரெண்டு துண்டு, ஒண்ண கைவாளால அறுத்து மெஷின் பக்கமே கொண்டு போகல, இன்னொண்ண டேபிள்ல நாலு தடவ இழுத்துட்டு, ரெண்டையும் புது பேப்பர்ல தேச்சு ஒரே சீலர் அடிச்சோம். கைவாள் துண்டு கண்ணாடி மாதிரி நிக்கி, மத்தது குழி குழி. அது போதும்லா. மறுநாள் கடைக்கு போயி அந்த ஸ்ப்ரே டப்பாவ பாத்தேன், சிலிக்கான்னு மேலயே அடிச்சிருக்கு. இரும்புக்கும் ரப்பருக்கும் அது நல்லதா இருக்கலாம், மரத்துக்கு பாலிஷ் அடிக்கிறவன் மெஷின்ல அது ஒரு சொட்டு கூட படக் கூடாது. சிலிக்கான் மேல சீலரும் பியூவும் (பாலியூரித்தேன், கடைசியா அடிக்கிற பாலிஷ்) பரவி நிக்காது, விலகிப் போயிரும். தேச்சா போயிரும்னு நெனைக்காதீங்க, பேப்பர்ல ஒட்டி அடுத்த போர்டுக்கும் போகும், எனக்கு அப்பிடித்தான் எல்லாத்துக்கும் பரவிருக்கு.

இதுக்கு நடுவுல மெஷின் மறுபடி நிக்க ஆரம்பிச்சிட்டு. அப்பதான் ஒண்ணு கவனிச்சேன். இந்த மெஷின் அதிர்வுல ஸ்க்ரூ லூசாகும், அதனால போன வருஷமே தங்கச்சிக்க நெயில் பாலிஷ எடுத்து மோட்டார் மூடில இருக்க நாலு ஸ்க்ரூ மேலயும், ஸ்க்ரூவும் மூடியும் சேந்து வர்ற மாதிரி ஒரு கோடு போட்டு வச்சிருந்தேன், கோடு விலகுனா லூசாயிருக்குன்னு தெரியும்லா. நாலு கோடும் ஒடையாம அப்பிடியே இருக்கு. மூடிய திறக்காம ஆர்மேச்சர் எப்பிடி ரீவைண்டிங் பண்ணுனாங்க, மோட்டார் பேரிங் எப்பிடி மாத்துனாங்க? கடைக்காரர்ட்ட கேட்டதுக்கு பின்னாடி வழியா திறந்தோம்னாரு. பின்னாடி திறக்க வழியே கிடையாது, ஒரே வார்ப்பு. பாலிஷ் கெட்டதுக்கு, உங்க மரம் காயல தம்பின்னாரு. ஆறு மாசம் நிழல்ல காய வச்ச பலா அது.

வீட்டுக்கு வந்து நானே பிரஷ் மூடிய திறந்தேன். மோட்டார் ரெண்டு பக்கமும் வட்டமா கருப்பு மூடி இருக்கும், ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும். ரெண்டு கார்பன் பிரஷ்ஷும் தேஞ்சு நாலு மில்லி கூட இல்ல. அத துடைச்சு திரும்ப வச்சுத் தந்திருப்பாங்க போல, அதான் ஒரு வாரம் ஓடிருக்கு. புது ஜோடி 120 ரூவா. மாட்டுனேன், இந்த நிமிசம் வரைக்கும் நிக்காம ஓடுது. டக்டக் சத்தத்துக்கும் மானுவல்லயே வழி இருக்கு, 50 மணி நேரம் ஓடுனா மெஷின படுக்க வச்சு கை சுத்துற அச்சுல எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க ஊற விடணும், அப்புறம் மறு பக்கம். செஞ்சேன், சத்தம் போயிட்டு. ரெண்டுக்கும் சேத்து 200 ரூவா ஆகல எனக்கு.

மெஷின் டேபிள தின்னர் போட்டு துடைச்சேன், ஒவ்வொரு தடவையும் புது துணி, ஒரு துணிய திருப்பிப் போட்டா அழுக்க நாமளே திரும்ப தேய்க்கிற மாதிரி ஆயிரும். ஊதுற பைப்ப தூக்கிப் போட்டுட்டு புதுசு மாட்டுனேன். வழுக்குறதுக்கு இப்ப பேஸ்ட் வாக்ஸ் மட்டும்தான், அதுவும் காஞ்சப்புறம் நல்லா துடைச்சிட்டு. கார் பாலிஷ வாங்கித் தேய்க்காதீங்க, அதுல நெறையதுல சிலிக்கான் இருக்கு.

போர்டுகள்ல சீலர எடுக்கதுதான் பெரும்பாடு. மாமா சொன்னபடி தின்னர்ல கழுவி, காய வச்சு, லேசா தேச்சு, அரக்கு பாலிஷ் ரெண்டு கோட்டு மெலிசா அடிச்சோம். அரக்க ஸ்பிரிட்ல கரைச்சு ரெண்டு மூணு நாள் அசைக்காம வச்சா மெழுகு அடில தங்கிரும், மேல தெளிஞ்சு நிக்கிறத மட்டும் எடுக்கணும், இல்லன்னா பியூ ஒழுங்கா புடிக்காது. அரக்கு அந்த சிலிக்கான அடியிலேயே அமுக்கிருது, அது மேல பியூ அடிச்சா குழி வரல. 11ல 8 போர்டு தப்பிச்சுச்சு. குடில் செட்டுல ஆட்டுக்குட்டியோட காலு எல்லாம் மெலிசு, தேய்க்கும்போதே ஒடைஞ்சு போச்சு, அத புதுசா வெட்டித்தான் குடுத்தேன். அந்தப் பூ போர்டு தப்பிக்கல. பூவுக்கு இடையில இருந்த சீலர எடுக்க முடியல. அந்த அக்காகிட்ட போயி உள்ளதச் சொன்னேன், சாரமில்ல தம்பி, பொங்கலுக்கு குடுன்னாங்க. அவங்க அப்பிடி சொன்னது எனக்கு இன்னும் வருத்தமா இருக்கு.

இனி குடுக்கறவங்க மோட்டார் ஸ்க்ரூல ஒரு கோடு போட்டுட்டு குடுங்க. மாத்துன சாமான கையில தந்தாதான் பைசான்னு மொதல்லயே சொல்லிருங்க. டேபிள்ல, பைப்புல எந்த ஸ்ப்ரேயும் வேண்டாம்னு பில்லுலயே எழுதி வாங்குங்க. பில்லு ஒழுங்கா தராட்டாலும் நான் ஜிபேல குடுத்ததுனால கணக்கு இருக்கு, அந்த வெள்ளத்தாளையும் கோடு ஒடையாத ஸ்க்ரூ போட்டோவையும் வச்சு 1915க்கு (தேசிய நுகர்வோர் உதவி எண்) கூப்பிட்டு கம்ப்ளைண்ட் பதிஞ்சிருக்கேன். அதுல தீரலன்னா நாகர்கோவில் நுகர்வோர் கமிஷன்ல போடலாம், குடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும்னா ஃபீஸ் கிடையாது, 2 வருஷத்துக்குள்ள போடணும். அதே கடைல யாராவது ரீவைண்டிங்னு பைசா குடுத்திருந்தா மோட்டார் மூடிய ஒருக்கா பாத்துட்டு எனக்கு சொல்லுங்க, சேந்து போடுவோம்.