காந்தமானியா, மெட்டல்மேப்பரா: புதைந்த குண்டையும் வெறும் இரும்பையும் பிரிக்க எது உதவும்?

பழைய பீரங்கிப் பயிற்சித் திடல் ஒன்றைச் சுத்தம் செய்யும் வேலையில் இரண்டையும் வைத்துப் பார்த்துவிட்டு மெட்டல்மேப்பர் என்ற மின்காந்தக் கருவியின் பக்கம் போனவன் நான், அதனால் என் சாய்வு தெரியத்தான் செய்யும்.

காந்தமானி பூமியின் காந்தப்புலத்தை இரும்பு எவ்வளவு கலைக்கிறது என்று அளக்கும். வேகமாக நடந்து முடிக்கலாம். அலுமினியமும் பித்தளையும் அதற்குத் தெரியாது, எரிமலை மண்ணில் தடுமாறும்.

சரி, முக்கியமான விஷயம் தோண்டும் குழிகளின் எண்ணிக்கை. புதைந்த இரும்பைக் கண்டுபிடிப்பது பெரிய காரியமே இல்லை. கண்டுபிடித்த ஒவ்வொன்றையும் உயிருள்ள குண்டு என்றே நினைத்து, ஆட்களைத் தூரத்தில் நிறுத்தி, கையால் மெல்லத் தோண்டிப் பார்த்தால் எறிகணைச் சிதறலோ, வேலிக்கம்பியோ, குதிரை லாடமோ வரும். பணமும் நாளும் இதில்தான் கரைகின்றன. காந்தமானி ஓரளவு அளவையும் ஆழத்தையும் சொல்லும், ஆனால் சிதறலுக்குச் சொந்தக் காந்தம் இருந்தால் அதுவே முழு எறிகணை போலக் காட்டிவிடும்.

மெட்டல்மேப்பரில் ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று சுருள்கள். ஒவ்வொன்றிலும் மின்சாரத்தைப் பாய்ச்சிச் சட்டென்று நிறுத்தினால், மண்ணுக்குள் இருக்கும் உலோகத்தில் சுழல் மின்னோட்டம் எழுந்து மெல்ல அடங்கும். தடித்த சுவருள்ள எறிகணையில் அது நேரமெடுத்து அடங்கும், மெல்லிய தகட்டில் சீக்கிரம் போய்விடும். அதோடு எறிகணை போத்தல் போல உருண்டு நீண்டது என்பதால் நீளவாக்கில் ஒரு பலமான பதிலும், குறுக்கே இரண்டு பக்கமும் ஒரே மாதிரியான பதிலும் வரும். கோணல் சிதறலில் மூன்றும் மூன்று விதமாக இருக்கும். எதைத் தோண்ட வேண்டாம் என்று தைரியமாகச் சொல்ல எனக்கு உதவியது இந்த வித்தியாசம்தான்.

அமெரிக்காவில் இந்தப் பிரித்தறிதலைப் படிப்படியாகச் சோதித்தார்கள். 2007இல் அலபாமாவின் கேம்ப் சைபர்ட்டில் தேடியது 4.2 அங்குல மோர்ட்டார் (சிறு பீரங்கி) குண்டு மட்டும், அது சுலபம். 2009இல் கலிபோர்னியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போவில் 60, 81 மில்லிமீட்டர் மோர்ட்டார் குண்டுகளும் சேர்ந்தன. அப்புறம் வட கரோலினாவின் கேம்ப் பட்னரில் 37 மில்லிமீட்டர் குண்டு. சிதறலும் அதே அளவில் கிடக்கும் என்பதால் அதுதான் உண்மையான சோதனை.

என் அனுபவம் சமதளப் புல்வெளியோடு சரி. வண்டியில் கட்டி இழுக்கும் மெட்டல்மேப்பரைக் காட்டுச் சரிவில் நான் கொண்டுபோனதில்லை. துண்டுகள் நெருங்கிக் கிடந்த இடத்தில் சிக்னல்கள் கலந்து எங்களையும் குழப்பின. ஆழத்துக்குக் காந்தமானிதான்: தூரம் இரண்டு மடங்கானால் அதன் சிக்னல் எட்டில் ஒன்றாகும், மின்காந்தக் கருவியில் கிட்டத்தட்ட அறுபத்து நான்கில் ஒன்றாகிவிடும். ஜெர்மனியின் ஒரானியன்பர்க்கில் இரண்டாம் உலகப் போர் விமானக் குண்டுகளைத் தேட, துளை போட்டுக் காந்தமானியை உள்ளே இறக்குவது அதனால்தான்.

வெறும் இரும்பு என்று கருவி ஒதுக்கியவற்றிலும் ஒரு பங்கைத் தோண்டிச் சரிபார்த்தோம். அந்தச் செலவை யாரும் குறைக்க வேண்டாம்.