வழுக்கைக்குத் தடவும் புதிய மருந்துகள்: எது எவ்வளவு தூரம் வந்திருக்கிறது?

ஆண்களுக்குப் பரம்பரையாக வரும் வழுக்கைக்குத் தலையில் தடவும் மருந்து எதுவாக இருந்தாலும், அதை முதலில் மினாக்சிடிலின் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பதே முறை. இரத்த அழுத்தத்துக்கான மாத்திரையாக வந்து, சாப்பிட்டவர்களுக்குக் கை, முகம், முதுகு என்று கண்ட இடத்தில் முடி வளர்ந்ததால் திசை மாறிய மருந்து அது; அமெரிக்காவில் 1988-இல் 2 சதவீதக் கரைசலாகவும் 1997-இல் 5 சதவீதமாகவும் அனுமதி பெற்றது. மயிர்க்காலில் உள்ள ஒரு நொதி அதை மினாக்சிடில் சல்பேட்டாக மாற்றினால்தான் அது வேலை செய்யும். அந்த நொதி எல்லோரிடமும் ஒரே அளவில் இல்லை என்பதால், ஒருவருக்கு உச்சி மூடிக்கொள்ள, அதே பாட்டிலை வாங்கிய இன்னொருவருக்கு ஒன்றும் நடக்காமல் போகிறது. மேலும், வழுக்கைக்கு மூல காரணமான டி.எச்.டி ஹார்மோனை அது தொடுவதே இல்லை. புதிதாக வரும் மருந்துகளில் பெரும்பாலானவை அந்த ஹார்மோனைக் குறிவைக்கின்றன; ஒன்று மட்டும் முற்றிலும் வேறு வழியில் போகிறது.

ஒப்பிடுவதற்கு முன், முடி எப்படி எண்ணப்படுகிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். முடி மெலிந்துவரும் இடத்தில், பெரும்பாலும் ஒரு சதுர சென்டிமீட்டர் அளவில், ஒரு வட்டம் குறிப்பார்கள். மாதங்கள் கழித்தும் அதே இடத்துக்குத் திரும்பி வர, ஊசிமுனை அளவில் ஒரு புள்ளி பச்சை குத்துவார்கள். அங்குள்ள முடியை ஒட்ட வெட்டி, பெரிதாக்கிப் படமெடுத்து எண்ணுவார்கள். பூனைமுடியைக் கழித்துவிட்டுத் தடித்த முடியை மட்டும் கணக்கில் கொள்ளும் ஆய்வையே நான் பொருட்படுத்துவேன். குளியலறை விளக்கின் கீழ், ஈரத் தலையோடு ஒரு படமும் காய்ந்த தலையோடு ஒரு படமும் எடுத்து ஒட்டி வைக்கும் விளம்பரங்களுக்கும் இதற்கும் உள்ள தூரம் கொஞ்சநஞ்சமல்ல.

இந்த அளவுகோலில் மிகவும் தெளிவாகத் தேறியிருப்பது தடவும் ஃபினாஸ்டரைடு. வழுக்கைக்கான மாத்திரையாக 1997 முதல் இருக்கும் இம்மருந்து, டெஸ்டோஸ்டிரோன் டி.எச்.டி ஆக மாறுவதைத் தடுக்கிறது. ஆனால் அதை உடம்பு முழுவதும் செய்வதால், தாம்பத்திய ஆர்வம் குறைவது போன்ற பக்கவிளைவுகளுக்கு அஞ்சிப் பலர் மாத்திரையைத் தவிர்க்கிறார்கள். தலையில் மட்டும் தெளித்தால் என்ன என்ற கேள்விக்கு 2022-இல் வெளிவந்த மூன்றாம் கட்ட ஆய்வு (அனுமதி கேட்பதற்கு முன் பலரிடம் நடத்தும் பெரிய சோதனை) விடை சொன்னது. 24 வாரங்களின் முடிவில், குறித்த வட்டத்துக்குள் 0.25 சதவீத ஃபினாஸ்டரைடு தெளித்தவர்களுக்குச் சராசரியாக 20.2 முடியும், மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 21.1 முடியும், மருந்தே கலக்காத வெறும் திரவத்தைத் தெளித்தவர்களுக்கு 6.7 முடியும் கூடியிருந்தன. இந்தக் கடைசி எண்ணை மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது: வெறும் திரவத்துக்கும் ஆறேழு முடி கூடுதலாகத் தென்படும்.

அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. மாத்திரை இரத்தத்திலுள்ள டி.எச்.டி-யை 55.6 சதவீதம் குறைத்தது என்றால், தலையில் தெளித்தது 34.5 சதவீதம் குறைத்தது. இரத்தத்தில் கலந்த மருந்தின் அளவு நூறு மடங்குக்கும் மேல் குறைவு என்று பெருமையாகச் சொல்லப்படுவது உண்மைதான். ஆனால் ஃபினாஸ்டரைடு மிகச் சிறிய அளவிலேயே வேலை காட்டிவிடும் மருந்து என்பதால், ‘தலையோடு நின்றுவிடும்’ என்று கடைக்காரர் சொல்வதை அப்படியே ஏற்பதற்கில்லை. ஐரோப்பாவின் சில நாடுகளில் அனுமதி பெற்ற இந்த வடிவத்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைக்காத நிலையில், அங்கே மருந்தகங்கள் தாமே கலந்து விற்பவற்றைப் பற்றி 2019-க்கும் 2024-க்கும் இடையே 32 பக்கவிளைவுப் புகார்கள் வந்ததாக அந்நாட்டு உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2025 ஏப்ரலில் எச்சரித்தது. நம் ஊர் மருந்துக் கடைகளில் மினாக்சிடிலோடு 0.1 சதவீத ஃபினாஸ்டரைடு கலந்த பாட்டில்கள் சாதாரணமாகக் கிடைக்கின்றன. மேலே சொன்ன ஆய்வு அந்தக் கலவைக்கு நடந்ததல்ல.

அடுத்த மருந்தான க்ளாஸ்கோடெரோன் வேறு இடத்தில் கை வைக்கிறது. ஃபினாஸ்டரைடு குழாயை மூடுகிறது என்றால், இது தண்ணீரை ஓடவிட்டுக் குடத்தின் வாயை மூடுகிறது. டி.எச்.டி உற்பத்தி குறைவதில்லை. மயிர்க்காலில் அது போய் ஒட்ட வேண்டிய ஏற்பியில் இந்த மருந்து முன்னமே உட்கார்ந்துகொள்கிறது. இரத்தத்தில் இறங்கியதும் கார்டெக்சோலோன் என்ற பொருளாக விரைவில் உடைந்துவிடுவதால், உடம்பின் மற்ற பாகங்களில் ஹார்மோனைத் தடுக்கும் வாய்ப்புக் குறைவு. இதே மருந்தின் 1 சதவீதக் கிரீம் 2020 ஆகஸ்டிலேயே முகப்பருவுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றுவிட்டதால், மனிதத் தோலில் இது எப்படி நடந்துகொள்ளும் என்பது ஓரளவு தெரிந்த கதை. அதிக அளவில் பூசிப் பார்த்த சோதனையில் சிலருக்கு அட்ரினல் சுரப்பியின் வேலை தற்காலிகமாகத் தாழ்ந்தது என்ற குறிப்பும் அந்தக் கதையில் உண்டு.

தலைமுடிக்கான 5 சதவீதக் கரைசலை 1,465 ஆண்களிடம் இரு மூன்றாம் கட்ட ஆய்வுகளில் சோதித்து, 2025 டிசம்பரில் அறிவித்த முடிவுகள் செய்திகளில் பெரிதாக அடிபட்டன: வெறும் திரவத்தைவிட ஓர் ஆய்வில் 539 சதவீதமும் மற்றதில் 168 சதவீதமும் கூடுதல் முன்னேற்றம். இங்கேதான் நிதானம் வேண்டும். உதாரணத்துக்கு, இரண்டு ஆய்விலும் மருந்து 13 முடியையே தந்தது என்று வைத்துக்கொள்வோம். வெறும் திரவம் ஓர் ஆய்வில் 2 முடியும் மற்றதில் 5 முடியும் தந்திருந்தால், முதலாவது 550 சதவீதம் என்றும் இரண்டாவது 160 சதவீதம் என்றும் வந்து நிற்கும். இது நான் போட்ட கணக்குத்தானே தவிர ஆய்வின் எண்ணிக்கை அல்ல. ஆனால் ஒரே மருந்துக்கு இப்படி இரு வேறு சதவீதங்கள் வரும்போது, மருந்தைவிட எதிர்ப்பக்கத்து வெறும் திரவம் எவ்வளவு ஆட்டம் காட்டியது என்பதையே அவை சொல்லக்கூடும். வெறும் திரவத்தை இரு முறையும் வென்றிருக்கிறது என்பது பெரிய விஷயம். ஐந்து மடங்கு முடி வரும் என்று அதைப் படிப்பது தவறு.

அந்த வெற்றியின் அருமை பைரிலுடமைடைப் பார்த்தால் புரியும். சீனாவின் சூஜோ நகரத்து கின்டோர் நிறுவனம் உருவாக்கிய இதுவும் அதே ஏற்பியில் உட்காரும் மருந்துதான். இரண்டாம் கட்டத்தில் நம்பிக்கை தந்தது. 740 ஆண்களை வைத்து 24 வாரங்கள் நடந்த மூன்றாம் கட்டத்தில், மருந்து தடவியவர்களுக்கு முடி கூடியது, ஆனால் வெறும் திரவத்தைவிடக் கணக்கில் கொள்ளத்தக்க அளவில் கூடவில்லை என்று 2023 நவம்பரில் தெரிந்தது. அடுத்து அது அழகுசாதனப் பொருளாகச் சந்தைக்கு வந்தது. மருந்தாகத் தேறாத ஒன்றை அழகுசாதனமாக விற்பது சட்டப்படி சரியாக இருக்கலாம். நான் காசு கொடுக்க மாட்டேன். இதே குடும்பத்தின் மூத்த பிள்ளையான ஆர்.யு-58841, பிரான்சின் ரூசெல்-யுக்ளாஃப் நிறுவனத்தில் பிறந்து, வழுக்கை விழும் குரங்கினத்தில் நல்ல பலன் காட்டி, சந்தைக்கு வராமலே நின்றுபோனது. இன்று அதைப் பொடியாக இணையத்தில் வாங்கி, வீட்டில் கரைத்துத் தடவுகிறவர்கள் இருக்கிறார்கள். பொட்டலத்தில் இருப்பது அதுதானா என்பதற்கே உத்தரவாதம் இல்லாதபோது, இதை ஒப்பீட்டில் சேர்ப்பதில் பொருளில்லை.

ஹார்மோன் பக்கமே போகாதது பி.பி-405. மயிர்க்காலின் ஸ்டெம் செல்கள், அதாவது புது முடியைக் கிளப்பும் மூல செல்கள், சர்க்கரையை எரிக்கும் விதம் மற்ற செல்களிலிருந்து மாறுபட்டது; சர்க்கரை உடைந்து வரும் பைருவேட், செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழைவதைத் தடுத்து, அது லாக்டேட்டாக மாறும்படி செய்தால், உறங்கும் ஸ்டெம் செல்கள் விழித்துக்கொள்கின்றன என்று கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் எலிகளை வைத்து 2017-இல் காட்டினார்கள். அங்கிருந்து கிளைத்த பெலாஜ் நிறுவனம் அதே தடையைச் செய்யும் பி.பி-405-ஐ 78 பேரிடம் 0.05 சதவீத ஜெல்லாக நான்கு வாரம் மட்டும் தடவிப் பார்த்து, எட்டாவது வாரத்தில், அதிகம் முடி இழந்த ஆண்களில் 31 சதவீதத்தினருக்கு அடர்த்தி 20 சதவீதத்துக்கு மேல் கூடியது, வெறும் ஜெல் தடவியவர்களில் ஒருவருக்கும் அப்படிக் கூடவில்லை என்று 2025-இல் அறிவித்தது. நான்கே வாரம் தடவி எட்டாவது வாரத்தில் இப்படி நடப்பது மினாக்சிடிலில் நினைத்துப் பார்க்க முடியாத வேகம். ஆனால் 78 பேரில் ஆண்கள், அவர்களிலும் அதிகம் இழந்தவர்கள் என்று சல்லடை போட்டுக்கொண்டே போனால், அந்த 31 சதவீதம் விரல்விட்டு எண்ணும் தலைகளாகத்தான் இருக்கும். பைரிலுடமைடும் இந்தக் கட்டத்தில் அழகாகத்தான் இருந்தது.

ரோஸ்மேரி எண்ணெயை மினாக்சிடிலுக்கு இணை என்று சொல்கிறவர்கள் காட்டும் 2015-ஆம் ஆண்டு ஈரானிய ஆய்வு, அதை 2 சதவீத மினாக்சிடிலோடு மட்டும் ஒப்பிட்டது. வெறும் எண்ணெய் தடவிய மூன்றாவது அணி அதில் இல்லை. அதைவிட, மும்பையில் 100 ஆண்களை வைத்து நடந்து 2013-இல் வெளிவந்த ஊசி உருளை ஆய்வு கவனத்துக்குரியது. வாரம் ஒருமுறை உருளையால் தலையைக் குத்தி மினாக்சிடிலும் தடவியவர்களுக்கு 12 வாரத்தில் 91.4 முடி கூட, மினாக்சிடில் மட்டும் தடவியவர்களுக்கு 22.2 கூடியது. ஊசி குத்துவதை நோயாளியிடம் மறைக்க முடியாது என்பதால், அந்த எண்ணை நான் பாதியாகவே எடுத்துக்கொள்கிறேன். பாதி என்றாலும் குறைவில்லை.

இன்றைக்கு ஒருவர் கேட்டால் என் வரிசை இதுதான்: முதலில் 5 சதவீத மினாக்சிடில், ஆறு மாதத்துக்குப் பின்னும் போதாவிட்டால், தோல் மருத்துவர் எழுதித் தந்து தடவும் ஃபினாஸ்டரைடு, க்ளாஸ்கோடெரோன் முறையாகக் கடைக்கு வந்தால், ஃபினாஸ்டரைடு மாத்திரைக்கு அஞ்சுகிறவர்களுக்கு அது, பி.பி-405-க்குக் காத்திருக்கலாம், கையில் இருப்பதை நிறுத்திவிட்டுக் காத்திருக்கக் கூடாது. மினாக்சிடில் தொடங்கிய முதல் இரண்டு மாதத்தில் சீப்பு நிறைய முடி வந்தபோது நானும் பாட்டிலைத் தூக்கி எறியத்தான் பார்த்தேன். பழைய முடி உதிர்ந்து புதியது கிளம்பும் கட்டம் அது.

படுப்பதற்குச் சற்று முன் தடவி, ஈரத்தோடு தலையணையில் சாய்வது பலருடைய வழக்கம். ஃபினாஸ்டரைடு ஆண் சிசுவின் உறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும் என்பதால், கர்ப்பிணி மனைவி அதே தலையணையைத் தொடக் கூடாது. மினாக்சிடில் பூனைகளுக்கு நஞ்சு. தலையணை உறையை நக்கும் பழக்கமுள்ள பூனை வீட்டில் இருந்தால், தலை நன்றாகக் காய்ந்த பிறகே படுக்க வேண்டும், பாட்டிலையும் அலமாரிக்குள் பூட்டி வைக்க வேண்டும்.