சம்பளம், சேமிப்பு, வீடு மூன்றும் ஒரே முதலாளி கையில்: ‘ஃபன் வித் டிக் அண்ட் ஜேன்’

தோட்டத்தில் வேலை போனால் அடுத்து என்ன போகும் என்று மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. தோட்ட நிர்வாகம் கொடுத்த லயத்து வீடு போகும். 2005-இல் வந்த இந்த ஹாலிவுட் நகைச்சுவைப் படம் அதே கதையைப் பெரிய பங்களாவில் வைத்துச் சொல்கிறது. இயக்கம் டீன் பாரிசாட். டிக்காக ஜிம் கேரி, ஜேனாக டேயா லியோனி. 1977-இல் வந்த படத்தின் மறுஆக்கம். ஒன்றரை மணி நேரம்தான். முதல் பாதிக்காகவே உட்கார்ந்து பார்க்கலாம்.

குளோபோடைன் என்ற பெரிய கம்பெனியில் டிக்குக்குப் பதவி உயர்வு கிடைக்கிறது. அதை நம்பி ஜேன் தன் வேலையை விட்டுவிடுகிறாள். கம்பெனியின் கணக்கைப் பற்றிப் பேச டிக்கைத் தொலைக்காட்சிக்கு அனுப்புகிறார்கள். அவர் பேசப் பேச, திரையில் பங்கு விலை சரிந்துகொண்டே போகிறது. அலுவலகத்துக்குத் திரும்பி ஓடினால், அங்கே காகிதங்களை அரைத்துக்கொண்டிருக்கிறார்கள். தலைவர் (அலெக் பால்ட்வின்) தன் பங்குகளை முன்கூட்டியே விற்றுக் காசாக்கிவிட்டார். ஊழியர்களின் ஓய்வுக்காலப் பணமோ அதே பங்குகளில் கிடக்கிறது. ஒரே நாளில் சம்பளமும் இல்லை, சேமிப்பும் இல்லை.

அதற்குப் பிறகு வரும் இருபது நிமிடங்கள்தான் படத்தின் உயிர். காசு கட்டாத வீட்டு முற்றத்துப் புல்லை ஆட்கள் வந்து பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டி எடுத்துப் போகிறார்கள். மிஞ்சுவது வெறும் மண். அக்கம்பக்கம் பார்க்குமே என்ற கூச்சத்தில், டிக் இரவோடு இரவாக மற்ற வீடுகளின் புல்லைத் துண்டு துண்டாகப் பெயர்த்து வந்து ஒட்டுப்போடுகிறார். அந்தக் குடும்பத்தின் முதல் திருட்டு அது. வயிற்றுக்காக அல்ல, மானத்துக்காக. மகள் கல்யாணத்துக்கு ஆலோங்கிடம், அதாவது வட்டி முதலையிடம், கை நீட்டிய குடும்பத்துக்கு இந்தக் காட்சி சட்டென்று புரியும். பக்கத்து வீட்டுத் தெளிப்பான் நீரில் குளிக்கும் காட்சியும் அப்படித்தான்.

இது வெறும் கற்பனை இல்லை. அமெரிக்காவின் என்ரான் எரிசக்திக் கம்பெனியின் பங்கு 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டில் 90 டாலரைத் தொட்டது. 2001 நவம்பர் கடைசியில் ஒரு டாலருக்கும் கீழே. டிசம்பர் 2-ஆம் தேதி திவால் மனு. ஊழியர்களின் ஓய்வூதியச் சேமிப்பில் பாதிக்கு மேல் சொந்தக் கம்பெனிப் பங்காகவே இருந்ததால் அதுவும் கரைந்துபோனது.

நம் மலேசியாவில் டிக் இருந்திருந்தால் கதை கொஞ்சம் மாறியிருக்கும். ஊழியர் சேமநிதி முதலாளியின் பெட்டியில் இருப்பதில்லை. கம்பெனி விழுந்தாலும் கட்டிய பணம் நிற்கும். கோளாறு வருவது வேறு இடத்தில்: சம்பளத்தில் 11 விழுக்காட்டைப் பிடித்துவிட்டு நிர்வாகம் கட்டாமல் விடுவது. ஒரு மாதத்துக் கட்டணம் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும். அதன் பிறகு சேமநிதியின் ஐ-அக்கவுன் செயலியைத் திறந்து சம்பளச் சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு மாதம் விடுபட்டிருந்தால், கம்பெனி தள்ளாடுகிறதோ என்று சந்தேகப்படலாம்.

ஆட்குறைப்பு என்றால், வேலைச் சட்டத்தின் கீழ் அதற்குத் தகுதி உள்ளவர்களுக்கு இழப்பீடு உண்டு. சேவை ஓராண்டு முதல் இரண்டாண்டுக்குள் என்றால் ஆண்டுக்கு 10 நாள் சம்பளம், ஐந்தாண்டுக்குள் 15 நாள், அதற்கு மேல் 20 நாள். வேலை நின்ற ஏழு நாளுக்குள் கையில் வர வேண்டும். சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவின் வேலைக் காப்புறுதிக்கு, வேலை போன 60 நாளுக்குள் மனுச் செய்ய வேண்டும். பலர் தவறவிடுவது இந்தக் கெடுவைத்தான். வீட்டுக்கு மட்டும் இப்படி ஒரு காப்பும் கிடையாது. பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற துண்டாடல் நாள்களில் சனம் சாமான் செட்டோடு ரோட்டுக்கு வந்ததைப் பார்த்துத்தான் 1960-இல் அப்போதைய அமைச்சர் துன் சம்பந்தன், தொழிலாளர்களே காசு சேர்த்துத் தோட்டங்களை வாங்கும் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்.

படத்தின் பின்பாதி தொய்வு. தண்ணீர்த் துப்பாக்கியோடு கிளம்பும் கொள்ளைகள் வேகமாக ஓடினாலும், கணவன் மனைவியின் பயம் காணாமல் போகிறது. அடையாளப் பத்திரம் இல்லாத டிக்கை மெக்சிகோவுக்கு நாடு கடத்தும் காட்சியைச் சிரிப்புக்காக வைத்திருப்பது உறுத்துகிறது; பெர்மிட் இல்லாத ஆளின் நிலையை நாம் பக்கத்திலேயே பார்க்கிறோம். தலைவரைப் பழிவாங்கும் முடிவும் ரொம்பச் சுலபம். சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்ற படமும் அல்ல.

ஆனாலும் முடிகிறவரை எழுந்துவிடாதீர்கள். கதை நடப்பது 2000-இல். கடைசியில் நண்பன் ஒருவன் புத்தம்புதுக் காரில் வந்து, நல்ல வேலை கிடைத்துவிட்டது என்று பூரிப்போடு கம்பெனியின் பெயரைச் சொல்கிறான். என்ரான்.