மதுரையில் பெரிய டிவி வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எனக்குப் போனது 74,500 ரூபாய்

திருநகரில் எங்கள் வீட்டு ஹால் மேற்குப் பார்த்தது. இரண்டு பெரிய ஜன்னல்கள். மதியம் மூன்று மணிக்கு மேல் வெயில் நேராக உள்ளே விழும். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அப்பா பகல் முழுக்க அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். அவருக்காகத்தான் போன ஞாயிற்றுக்கிழமை 65 இஞ்ச் டிவி வாங்கினேன். 74,500 ரூபாய்.

கடையின் பெயர் போடவில்லை. வீட்டு உபயோகப் பொருள் எல்லாம் விற்கும் மூன்று மாடிக் கடை, அவ்வளவுதான் சொல்வேன்.

உள்ளே போனதும் நான் முதலில் சொன்னதே வெயில் விஷயம்தான். விற்பனையில் நின்ற பையன் எங்களை ஒரு மினி எல்இடி டிவி (திரைக்குப் பின்னால் நிறையக் குட்டிக் குட்டி விளக்குகள் வைத்த, வெளிச்சம் கூடின வகை) முன்னால் கூட்டிப் போய் நிறுத்தினான். "அண்ணே, இங்க எத்தனை லைட் எரியுது பாருங்க. இதுலயே இப்படிப் பளிச்சுனு தெரியுது. எங்க அப்பாவுக்கு வாங்குனாலும் இதைத்தான்ணே வாங்குவேன்." அப்பா என்று சொன்னானே, அங்கேதான் விழுந்தேன். அதற்கு மேல் எதுவும் கேட்கத் தோன்றவில்லை. கார்டை நீட்டினேன், பில்லைப் படிக்காமல் மடித்துப் பைக்குள் வைத்தேன்.

திங்கட்கிழமை இருட்டின பிறகு டிவி வந்தது. சுவரில் மாட்டினார்கள், நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் மூன்றரை மணிக்கு கிரிக்கெட் போட்டால் திரை முழுக்க ஜன்னல் கம்பிகள், நடுவில் அப்பாவின் வெள்ளை வேட்டி. "பந்தே தெரியலயேப்பா" என்றார். வெளிச்சத்தைக் கடைசி வரை ஏற்றியும் பயனில்லை.

கடைக்குப் போன் அடித்தால், "செட்டிங்ஸ் மாத்துங்க சார்." அடுத்த முறை, "சர்வீஸ் ஆள் வருவார்." வியாழக்கிழமை வந்தவர் பார்த்துவிட்டு, "டிவில குறை ஒண்ணும் இல்ல சார், ஜன்னலுக்கு ஸ்க்ரீன் துணி போட்டுக்கங்க" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

நேற்று ராத்திரி, கடையில் அந்த டிவி முன்னால் நின்று மகள் எடுத்த போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரத்தில் மஞ்சள் ஸ்டிக்கரில் மாடல் நம்பர். பில்லை எடுத்து வைத்துப் பார்த்தால் கடைசி இரண்டு எழுத்துகள் வேறு! காட்டியது மினி எல்இடி, வீட்டுக்கு வந்தது சாதாரண எல்இடி. சாதாரண எல்இடியில் வெளிச்சம் 300 நிட்ஸ் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுதான் வரும், நல்ல மினி எல்இடியில் 1000க்கு மேலேயே போகும். காலையில் மேனேஜரிடம் கேட்டேன். "அந்த மாடல் ஸ்டாக் இல்ல, இதுவும் அதே மாதிரிதான். பெட்டி பிரிச்சா எடுக்க மாட்டோம்." 74,500 ரூபாய் வாங்கிவிட்டு அதே மாதிரியாம்!

வாங்கப் போகிறவர்களுக்கு விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. சரி, இதை மட்டும் செய்யுங்கள். காட்டும் டிவியின் மாடல் நம்பரைப் போட்டோ எடுங்கள், பில்லில் ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்ட பிறகு பணம் கொடுங்கள். பெட்டியைப் பிரிக்கும் முன் அதன் மேலும் பாருங்கள். கடை விளக்கை நம்பாதீர்கள், ஜன்னல் வெயில் அதைவிடப் பல மடங்கு. கடையில் படத்தைப் பெரும்பாலும் உச்ச வெளிச்சத்தில்தான் ஓட்டுவார்கள். எத்தனை நிட்ஸ் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915. பில்லும் போட்டோவும் கையில் இருக்கின்றன, கூப்பிடப் போகிறேன்.