மூளை ஸ்கேனிடம் ஜோசியம் கேட்ட கதை: ஒரு வருட அனுபவ ரிவியூ

தங்கைக்கு ஆட்டோஇம்யூன் என்செபலைட்டிஸ். உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்குகிற அழற்சி, அதில் அவளுக்கு வந்தது ஆன்டி என்எம்டிஏ ரிசெப்டர் என்கிற வகை. ஒரு வருடத்தில் மூன்று எம்ஆர்ஐ, இரண்டு பெட் ஸ்கேன் எடுத்துவிட்டோம். ஒவ்வொரு முறையும் நாங்கள் கொண்டுபோன கேள்வி ஒன்றுதான், "இவள் எப்போது பழையபடி ஆவாள்?" அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் சேவை என்று பார்த்தால் ஐந்துக்கு இரண்டரை ஸ்டார்தான் கொடுப்பேன். அந்த அரை ஸ்டாரும் பெட் ஸ்கேனால் வந்தது.

முதல் எம்ஆர்ஐ தூக்கமே இல்லாமல், யாரோ பின்தொடர்கிறார்கள் என்று அவள் பயந்துகொண்டிருந்த நாட்களில் எடுத்தது. ரிப்போர்ட் நார்மல். உடனே "மூளையில் ஒன்றுமில்லை, மனநலப் பிரிவில் காட்டுங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள், நாங்களும் அந்தத் தாளை நம்பி மூன்று வாரம் அலைந்தோம். வலிப்பு வந்த பிறகுதான் வேறு மருத்துவமனை, முதுகுத்தண்டு நீர்ப் பரிசோதனை, ஆன்டிபாடி (மூளையைத் தாக்கும் எதிர்ப்புப் புரதம்) இருக்கிறதா என்ற சோதனை எல்லாம். இந்த நோயை நரம்பியல் மருத்துவர் ஹோசப் டால்மாவின் குழு விவரித்தது 2007இல். 2013இல் 577 நோயாளிகளை வைத்து வெளிவந்த பெரிய ஆய்வில் எம்ஆர்ஐ மாறுதல் காட்டியது மூன்றில் ஒரு பங்கு பேருக்குத்தான், மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இஇஜி-யோ சுமார் 90 சதவீதம் பேருக்கு மாறியிருந்தது. அதாவது இந்த நோயில் நார்மல் எம்ஆர்ஐ என்பது சகஜம். இதை அன்றைக்கு யாராவது ஒருவர் சொல்லியிருந்தால்! மருந்து ஆரம்பிக்கும்போது ஐந்து வாரம் ஓடிவிட்டது.

இரண்டாவது எம்ஆர்ஐ ஐசியூவில் இருந்தபோது. அவள் வாய் எந்நேரமும் எதையோ மெல்லுவதுபோல் அசைந்துகொண்டே இருக்கும், அதனால் மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுக்க முடிந்தது. தலைக்கு மேல் அந்தக் கூண்டை மாட்டும்போது டெக்னீஷியன் காதோரம் ஸ்பாஞ்சைச் செருகி, நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டார். மயங்கிக் கிடக்கிறவளிடம் "கொஞ்சம் சத்தமா இருக்கும்மா" என்றும் சொன்னார். அவருக்குத் தனியாக ஐந்து ஸ்டார். அந்த எம்ஆர்ஐயும் நார்மல்.

அப்புறம்தான் நரம்பியல் டாக்டரிடம் நேரடியாகவே கேட்டேன். அவர் படத்தைக் காட்டவில்லை, ஒரு தாளை எடுத்து ஐந்து வரி எழுதினார். 2019இல் வெளிவந்த நியோஸ் என்கிற மதிப்பெண் முறையாம், இந்த வகை நோய்க்கென்றே போட்டது. ஐசியூவில் சேர்த்தார்களா, சிகிச்சை நான்கு வாரத்துக்கு மேல் தாமதமா, சிகிச்சை தொடங்கி நான்கு வாரத்துக்குள் முன்னேற்றம் இல்லையா, எம்ஆர்ஐயில் கோளாறு உண்டா, முதுகுத்தண்டு நீரில் வெள்ளணுக்கள் 20க்கு மேலா. ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். மொத்தம் 0 அல்லது 1 வந்தால் ஒரு வருடம் கழித்து மோசமான நிலையில் இருக்க வாய்ப்பு 3 சதவீதம், 4 அல்லது 5 வந்தால் 69 சதவீதம். எங்களுக்கு 3. சரியாக நடுவில் தொங்கினோம்.

வேடிக்கை என்னவென்றால், எங்களை மூன்று வாரம் அலைக்கழித்த அதே நார்மல் எம்ஆர்ஐ இந்தத் தாளில் எங்களுக்குச் சாதகமாக நின்றது. ஆனால் அது காட்டிய 'சாதகம்' ஐந்தில் ஒரு பங்கு. நாங்களோ முழுக் கணக்கையும் அதன் தலையில் கட்டியிருந்தோம்.

எல்லா வகைக்கும் இப்படியில்லை. எல்ஜிஐ1 ஆன்டிபாடி வகையில் நினைவுக்கான ஹிப்போகேம்பஸ் பகுதி எம்ஆர்ஐயில் பளிச்சென்று தெரிவதுண்டு, பின்னால் அது சுருங்கினால் மறதி தங்கிவிடலாம். அங்கே படம் இன்னும் கொஞ்சம் பேசும். ஆகவே எந்த ஆன்டிபாடி என்று தெரியாமல் அடுத்தவர் ரிப்போர்ட்டோடு ஒப்பிட்டுக் குழம்பாதீர்கள், நான் குழம்பினேன்.

ஆறாம் மாதம் மூன்றாவது எம்ஆர்ஐ. ரிப்போர்ட்டில் "மூளை லேசாகச் சுருங்கியுள்ளது" என்ற பொருளில் ஒரே வரி, விளக்கம் கிடையாது, பழைய படத்தோடு ஒப்பிட்டதாகவும் குறிப்பில்லை. அன்று இரவு வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. மறுநாள் டாக்டர் சொன்னார், பெருமூளை பரவலாகச் சுருங்குவது இந்த நோயில் திரும்பிச் சரியாகக்கூடியது, ஸ்டீராய்டாலும் அப்படித் தெரியலாம், சிறுமூளை தொடர்ந்து சுருங்கினால்தான் கவலைப்பட வேண்டும் என்று. ஜப்பானிய நோயாளிகளை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து 2016இல் வந்த ஆய்வு சொன்னதும் அதுதான். இவள் சிறுமூளைக்கு ஒன்றுமில்லை. இந்த இரண்டு வாக்கியத்தை ரிப்போர்ட்டிலேயே எழுதினால் என்ன குறைந்துவிடும்? இங்கேதான் எனக்குக் கோபம். போகிறவர்கள் பழைய படங்கள் இருக்கும் சிடி தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள், ஒப்பிட்டு எழுதச் சொல்லிக் கேளுங்கள், முடிந்தால் அதே மெஷினில் எடுங்கள்.

இனி பெட் ஸ்கேன். கதிரியக்கம் சேர்த்த குளுக்கோஸை ஏற்றி, மூளையின் எந்தப் பகுதி எவ்வளவு சர்க்கரையை எரிக்கிறது என்று பார்ப்பார்கள். முதல் முறை பின்மண்டைப் பகுதி மங்கிப்போய் நீலமாக இருந்தது, இந்த வகையில் அடிக்கடி காண்பதுதான் என்றார்கள். எம்ஆர்ஐ இரண்டு முறை காட்டாததை இது காட்டியது. ஆனால் தூக்க மருந்தும் வலிப்பு மருந்தும் இந்தப் படத்தை மாற்றும், எங்கள் படிவத்திலோ மருந்துப் பட்டியல் கட்டம் காலி. நான்தான் கவனித்து எழுதிக் கொடுத்தேன்.

ஊசி போட்ட பிறகு மங்கலான அறையில் பேசாமல், போன் பார்க்காமல் காத்திருக்க வேண்டும். முதல் முறை அவளால் முடியவில்லை, ஏதோ முனகிக்கொண்டே இருந்தாள், கதவுக்கு வெளியே எனக்குக் கேட்டது. எட்டாம் மாதம் இரண்டாவது முறை போனபோது சத்தமே இல்லை. உள்ளே எட்டிப் பார்க்கவும் விட மாட்டார்கள், கதிரியக்கம். ஸ்கேன் முடிந்து டெக்னீஷியன் வெளியே வந்து சிரித்தார். இந்த மருந்து எப்போது உடம்பை விட்டுப் போகும் என்று கேட்டாளாம். சுமார் 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகும், நிறையத் தண்ணீர் குடி என்றிருக்கிறார். பின்னாலேயே வந்தவள் விரலை மடக்கி மடக்கி எண்ணிவிட்டு, "அண்ணா, நாளைக்குக் காலையில ஒண்ணும் மிச்சம் இருக்காது" என்றாள்.

ரிப்போர்ட் மறுநாள்தான் வந்தது.